அந்தச் செங்கல்லைக் கீழே வைங்க சாமி!

டிஸ்கி: இது தன்னம்பிக்கைப் பதிவு இல்லை. தன்னம்பிக்கைப் பதிவு எழுதுற நண்பர்கள் ரெண்டு மூணு பேர் படிச்சுட்டு கோச்சுக்குவீங்கன்னு தெரியும். பரவாயில்லை, வந்து திட்டிட்டுப் போங்க. கடை திறந்துதான் இருக்கு.

எங்க ஆபீஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு நடந்துச்சு. கம்பெனி பேரு, ஊர் விவரமெல்லாம் வேணாம், கலிஃபோர்னியாவில் வளைகுடாப் பக்கம்னு மட்டும் வச்சுக்குங்க. கோட்டு சூட்டு போட்ட ஒரு அண்ணாச்சி வந்து மூணு மணி நேரம் பேசினார். அதுல ஒரு ஸ்லைடு. ஒரு கருப்பினச் சிறுவன் சாரத்து மேல நிக்கிறான், கீழேயிருந்து செங்கல் பறந்து வருது, அவன் கையை நீட்டிப் பிடிக்கிறான். அடுத்த ஸ்லைடுல அதே கை, பந்தைப் பிடிக்குது. ஜெர்ரி ரைஸ்! அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர்னா இவர்தான்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கிற ஆளு. "கொத்தனார் மகன், செங்கல் பிடிச்சுப் பழகினான், உழைச்சான், உலகத்துலேயே முதல் ஆளானான். இப்ப உங்களையே கேட்டுக்குங்க, நீங்க போதுமான அளவு உழைக்கிறீங்களா?" அப்படின்னு அண்ணாச்சி எங்களைப் பார்த்து விரலை நீட்டினார்.

மூணு வாரம் கழிச்சு பதினாலு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. அதுல ஒருத்தர் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர், ஐம்பத்தெட்டு வயசுப் பெரியவர். பத்தொன்பது வருஷமா காலையில ஏழு மணிக்கு முதல் ஆளா வந்து விளக்கைப் போடறவர். இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரும் அவர்தான். சாமானையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "நான் போதுமான செங்கல் பிடிக்கலை போலிருக்கு."

அந்தச் சிரிப்புதான் இந்தப் பதிவு. அந்த ஸ்லைடு மேல எனக்குக் கோபம் இருக்கு, மறைக்க விரும்பலை.

முதல்ல ஆட்டம் தெரியாத மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம், தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிக்குங்க. குவாட்டர்பேக்னு ஒருத்தர் பந்தை எறிவார். வைட் ரிசீவர் கோட்டு ஓரமா நின்னு, ஓட்டம் ஆரம்பிச்சதும் முன்னாடியே பேசி வச்ச பாதையில ஓடி, சட்டுனு திரும்பி, வந்து சேர்ற பந்தைப் பிடிக்கணும். அவரை ஒட்டிக்கிட்டே ஒரு கார்னர்பேக் ஓடி வருவார், அந்தாளு வேலை இதைக் கெடுக்கிறது. ரிசீவர் திரும்புறதுக்கு முன்னாடியே பந்து குவாட்டர்பேக் கையை விட்டுக் கிளம்பியிருக்கும், அதுதான் இதுல விசேஷம். ஆளே இல்லாத இடத்துக்குப் பந்தை எறிவாங்க, பந்து இறங்கற நேரத்துக்கு ஆளு அங்க இருப்பார். எவ்வளவு பெரிய கையா இருந்தாலும் சரி, எறியற கை ஒண்ணு இல்லாம இந்த உத்தியோகத்துல ஒருத்தரும் உயர முடியாது. இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

இப்ப செங்கல்லுக்கு வருவோம். செங்கல் பொய் இல்லை. ரைஸோட அப்பா கொத்தனார். மிசிசிப்பி மாநிலத்துல கிராஃபோர்டுனு ஒரு குட்டி ஊர். வெயில்ல அண்ணன் தம்பிகள் செங்கல் தூக்கிப் போட, இவர் மேலே நின்னு பிடிச்சது எல்லாம் அவரே பலதடவை சொன்னது. ஆனா அந்த ஊரும் அந்த வருஷமும் ஸ்லைடுல இல்லையே? ரைஸ் பிறந்தது 1962 அக்டோபர் 13. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் அதே மாநிலத்துப் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் மெரிடித்னு ஒரே ஒரு கருப்பின மாணவர் சேரப் போனதுக்கு ராத்திரி முழுக்கக் கலவரம் நடந்து, ரெண்டு பேர் செத்து, ராணுவம் வந்து இறங்குச்சு. அந்த மண்ணுல பிறந்த பிள்ளைக்கு 'உழைச்சா உயரலாம்'னு ஒரு வரியில கதை எழுதறதுக்கு நிஜமாவே ஒரு தனித் தைரியம் வேணும்.

அவர் கால்பந்துக்கு வந்த கதையே ஒரு காமெடி. பள்ளிக்கூடத்தைக் கட் அடிச்சுட்டுத் திரிஞ்சவரைத் துணைத் தலைமையாசிரியர் பின்னாலேயிருந்து கூப்பிட, பையன் பயந்து எடுத்தான் பாருங்க ஓட்டம்! பிடிபட்டு அடியும் வாங்கினான். ஆனா அந்த வேகத்தைப் பார்த்த வாத்தியார் கால்பந்து பயிற்சியாளர்கிட்ட போய்ச் சொல்லிட்டார். அன்னைக்கு ரைஸ் ஒழுங்கா வகுப்புல உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்? (கட் அடிச்சதைப் பத்தியும் ஒரு ஸ்லைடு போடுங்களேன் அண்ணாச்சி :-))

பள்ளி முடிச்சதும் பெரிய பல்கலைக்கழகம் ஒண்ணுகூட உதவித்தொகை தர முன்வரலை. பெரிய பெரிய அணி வச்சிருக்கிற மிசிசிப்பி ஸ்டேட் அவங்க ஊருக்குப் பக்கத்துலதான் இருக்கு. அவங்களும் கூப்பிடலை. நேர்ல வந்து பார்த்துக் கூப்பிட்டது ஆர்ச்சி கூலினு ஒரு பயிற்சியாளர். இட்டா பேனா என்ற ஊர்ல மிசிசிப்பி வேலி ஸ்டேட்னு ஒரு கல்லூரி. கருப்பின மாணவர்களைத் தனியா வச்சிருந்த காலத்துல, 1950இல், அவங்களுக்குன்னே மாநில அரசு தொடங்கினது. அங்க டி.வி. கேமரா எட்டிப் பார்க்கிறதே அபூர்வம்.

இங்கதான் ஸ்லைடுல இல்லாத ஆளு வர்றார். வில்லி டாட்டன். குவாட்டர்பேக்.

கூலி ஒரு மாதிரியான ஆளு, தலையில கௌபாய் தொப்பி, பட்டப்பேரே துப்பாக்கிக்காரர். எல்லாரும் ஓட்டத்தை நம்பி ஆடிக்கிட்டிருந்த காலத்துல, இவர் நாலஞ்சு ரிசீவரை ஒரே நேரத்துல ஓடவிட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் கூடிப் பேசற நேரத்தைக்கூட மிச்சப்படுத்தி, எறி எறின்னு எறிய விட்டார். 1984இல் அந்தக் குட்டிக் கல்லூரி ஆட்டத்துக்குச் சராசரியா 60 புள்ளியை ஒட்டி எடுத்துச்சு. படிக்கும்போது அச்சுப் பிழையோன்னு நினைச்சேன். அந்த ஒரு சீசன்ல ரைஸ் பிடிச்சது 112 பந்து, 27 டச்டவுன். டாட்டன் எறிஞ்ச டச்டவுன் 56. ரெண்டுமே அந்தப் பிரிவுல அதுவரைக்கும் யாரும் தொடாத எண்கள். யோசிச்சுப் பாருங்க, ரைஸ் பிடிச்ச பந்தெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா? பயிற்சி முடிஞ்ச பிறகும் இருட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் நின்னாங்க.

அடுத்தது அதிர்ஷ்டம். 1984 அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி ஹூஸ்டனுக்கு ஆடப் போயிருக்கு. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ஹோட்டல் அறையில பயிற்சியாளர் பில் வால்ஷ் டி.வி. பார்த்துக்கிட்டிருக்கார். வேலி ஸ்டேட் அன்னைக்கு ஆடின ஆட்டத்தோட துண்டுக் காட்சிகள் ஓடுது. ரைஸ் ஓடறார், பிடிக்கிறார், ஓடறார். வால்ஷ் நிமிர்ந்து உக்காந்தார். அன்னைக்கு மனுஷன் அசதியில தூங்கியிருந்தா? வேற சேனல் மாத்தியிருந்தா?

அதிர்ஷ்டம்தான் எல்லாம்னு சொல்ல வரலை. வால்ஷ் பார்த்ததுக்கு அப்புறமும் மத்த ஆளுங்க சந்தேகப்பட்டாங்க. சின்னக் கல்லூரி, எதிர்த்து ஆடினவங்க சுமார், 40 யார்டு ஓட்டத்துல நேரம் சரியில்லை. அந்த 40 யார்டு நேரத்தைப் பத்தி ஆளுக்கொரு எண் சொல்வாங்க, 4.7 நொடியை ஒட்டினதுன்னு பரவலா ஒரு பேச்சு. ஸ்டாப்வாட்ச் அளக்கிறது நேர்க்கோட்டு ஓட்டத்தை. ரைஸோட வித்தை திரும்பறதுல. முதல் பத்து அடி எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் வெட்டுவார்னு கார்னர்பேக்குக்குத் தெரியாது, வெட்டும்போது வேகமும் குறையாது. இதுக்கு எந்த வாட்ச்லயும் முள் இல்லை.

1985 டிராஃப்ட்ல ரைஸுக்கு முன்னாடியே ரெண்டு ரிசீவர் போயிட்டாங்க, பத்தாவதா ஆல் டூன், பதிமூணாவதா எட்டி பிரவுன். ஃபார்ட்டிநைனர்ஸ் அப்ப சாம்பியன், அதனால 28ஆவது இடத்துல கடைசியில நிக்குது. வால்ஷ் தன்னோட முதல் ரெண்டு சுற்று வாய்ப்பையும் நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, மூணாவது சுற்றுலயும் மாத்திக்கிட்டு, 16ஆவது இடத்துக்கு ஏறி ரைஸை எடுத்தார். இப்படிப் பந்தயம் கட்ட ஒரு சாம்பியன் பயிற்சியாளரால்தான் முடியும். தோத்துக்கிட்டிருக்கிறவன் கட்டினா வேலை போயிடும்.

வந்த முதல் வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? பந்தைக் கீழே போட்டார். ஒண்ணு ரெண்டு இல்லை. சொந்த மைதானத்துலயே ஜனங்க கூச்சல் போட்டு அவமானப்படுத்தினாங்க. செங்கல் பிடிச்ச அதே கைதான்! ஆனா யாரும் அவரைத் தூக்கி எறியலை. வால்ஷ் பொறுத்தார். அந்த டிசம்பர்ல ராம்ஸ் அணிக்கு எதிரா ஒரே ராத்திரியில 241 யார்டு எடுத்தார், அணி தோத்துச்சு, ஆனா ஊருக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் 1,570 யார்டு, லீக்லேயே முதல். பொறுத்துக்கிறதுக்கு ஆள் இருந்தா மட்டும்தான் 'அடுத்த வருஷம்'னு ஒண்ணு வரும். எங்க ஆபீஸ்ல மூணு மாசத்துக்கு ஒருதடவை மதிப்பெண் போடறாங்க, அந்தக் கணக்குல பார்த்தா ஜெர்ரி ரைஸ் 1985 நவம்பர்லயே காலி.

இதுல இன்னொண்ணையும் சேர்த்துக்குங்க. ரிசீவரை அஞ்சு யார்டுக்கு மேல தள்ளக்கூடாதுன்னு 1978இல் விதியை மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஓடற ஆளை வழியெல்லாம் இடிச்சுக்கிட்டே போவாங்க. அளந்து வச்ச குட்டிப் பாதை, சரியான நொடிக்குப் பந்து, பிடிச்ச பிறகு ஓட்டம் என்ற வால்ஷோட முறைக்கு அந்த விதி அப்படியே பொருந்துச்சு. எறியறதுக்கு முதல்ல ஜோ மொன்டானா, அப்புறம் ஸ்டீவ் யங். ரெண்டு பேருமே இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க. வாழ்க்கையில ஒரு நல்ல எறிகை கிடைக்கிறதே பாக்கியம், அவருக்கு வரிசையா வந்துச்சு. (டாட்டனையும் சேர்த்தா மூணு.)

சரி, டாட்டன் என்ன ஆனார்?

1986 டிராஃப்ட்ல அவரை ஒருத்தரும் எடுக்கலை. 56 டச்டவுன் எறிஞ்ச ஆளை! கூலியோட முறையால வந்த எண், ஆள் அப்படியொண்ணும் இல்லைன்னு சொன்னவங்க உண்டு. இருக்கலாம், நான் ஸ்கவுட் கிடையாது. ஆனா அதே முறையில வந்த எண்ணுதானே ரைஸோடதும்? அந்தக் காலத்துல கருப்பின குவாட்டர்பேக்னாலே அணிகளுக்கு ஒரு தயக்கம் இருந்ததும் ரகசியம் இல்லை. வாரன் மூன் 1978இல் இங்க யாரும் எடுக்காம கனடாவுக்குப் போய் ஆறு வருஷம் ஜெயிச்சுக் காட்டின பிறகுதான் ஹூஸ்டன் கூப்பிட்டுச்சு. வால்ஷ் ஹோட்டல்ல டி.வி. பார்த்தாரே, மறுநாள் எதிரணியில எறிஞ்சது அந்த மூன்தான்.

டாட்டனுக்கு பெரிய லீக்கோட கதவு திறந்தது 1987இல். எப்படி? ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் பண்ணுச்சு. முதலாளிகள் வெளியாட்களைக் கூட்டிவந்து மூணு வாரம் ஆட்டம் நடத்தினாங்க. பஃபலோ அணிக்கு அப்படி வந்த மாற்று ஆளா டாட்டன் ஓரிரு ஆட்டம் ஆடினார். நிறுத்தம் முடிஞ்சது, அவரோட என்.எஃப்.எல். வாழ்க்கையும் முடிஞ்சது.

அதே 1987இல் ரைஸ் 22 டச்டவுன் பிடிச்சார். 12 ஆட்டத்துல! அந்த '12 ஆட்டம்' என்பதை எல்லாரும் வியந்து எழுதுவாங்க, தன்னம்பிக்கைப் பதிவுகள்லயும் வரும். ஏன் 12னு யாரும் எழுதறதில்லை. மொன்டானா, ரோஜர் கிரெய்க் மாதிரி அவரோட சகாக்கள் சிலர் சங்கத்தை மீறி உள்ளே போனப்ப, அந்த மூணு ஆட்டத்துக்கும் ரைஸ் போகலை. ராண்டி மாஸ் 2007இல் 23 பிடிச்சு அந்தச் சாதனையைத் தாண்டினார், அவருக்கு 16 ஆட்டம் தேவைப்பட்டுச்சு. ஒரே வேலைநிறுத்தம். இட்டா பேனாவுல இருட்டுற வரை பந்து எறிஞ்ச நண்பன் உள்ளே, பிடிச்ச நண்பன் வெளியே. இதுல யார் சரி, யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. டாட்டனுக்கு அந்த லீக்ல வேற எந்த வாசலும் திறக்கலையே.

பெரியவர் இந்தக் கதையை ஒரு மதிய சாப்பாட்டு நேரத்துல எனக்குச் சொன்னார். ஸ்லைடு பார்த்த அன்னைக்கும் அவர் முணுமுணுத்தது ஒரே வார்த்தைதான்: "டாட்டன் எங்க?"

இப்ப வருவீங்க, எனக்குத் தெரியும். "அப்ப உழைப்பே வேணாங்கிறியா? சோம்பேறிக்கு வக்காலத்தா?" ஐயா, ரெட்வுட் சிட்டி பக்கத்துல எட்ஜ்வுட் பூங்கான்னு ஒண்ணு இருக்கு. அங்கதான் ரைஸ் சீசன் இல்லாத மாசங்கள்ல ரோஜர் கிரெய்க்கோட மலைப்பாதையில ஓடுவார். ரெண்டரை மைல் ஏத்தம். சும்மா வந்து பார்த்த சக ஆட்டக்காரங்க பாதியில வாந்தி எடுத்துத் திரும்பின கதையெல்லாம் உண்டு. நானும் பெரியவரும் ஒரு ஞாயித்துக்கிழமை போனோம். ஓடறதுக்கு இல்லை, நடக்கறதுக்கு. முக்கால்வாசியில எனக்கு மூச்சு முட்டி ஒரு ஓக் மரத்தடியில உக்காந்துட்டேன், பெரியவர்தான் தண்ணி கொடுத்தார். அந்த ஆளோட உழைப்பைக் குறைச்சுச் சொல்ல என் முழங்காலே விடாது. 22,895 யார்டு எடுத்தவருக்கு அடுத்த இடத்துல இருக்கிற லாரி ஃபிட்ஸ்ஜெரால்டே 17,492 தான். அஞ்சாயிரத்துக்கு மேல இடைவெளி. அதை அதிர்ஷ்டத்தால மட்டும் எடுக்க முடியாது, ஒத்துக்கிறேன்.

நான் கேக்கறது வேற. உழைச்சவன் உயர்ந்தான்னு சொல்லும்போது, உயராதவன் உழைக்கலைன்னு பின்னாடியே ஒரு வாக்கியம் ஒட்டிக்கிட்டு வருதே, அதைச் சொல்லாம சொல்றதுக்குத்தானே அந்த ஸ்லைடு? டாட்டன் எறிஞ்சது குறைவா? பத்தொன்பது வருஷம் விளக்குப் போட்டவர் உழைச்சது குறைவா? ஆளைக் குறைக்கணும்னு மேலே முடிவு பண்ணியாச்சு, அதுக்கு முன்னாடி "நீ போதுமான அளவு உழைக்கிறியா"ன்னு கேட்டு வச்சுட்டா, போறவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போவான். ரொம்ப சௌகரியம்.

ரைஸேகூட அந்த ஸ்லைடு மாதிரிப் பேசலை, அதுதான் இதுல வேடிக்கை. 2010இல் ஹால் ஆஃப் ஃபேம்ல பேசும்போது, தோத்துடுவோமோங்கிற பயம்தான் வாழ்நாள் பூரா தன்னை ஓட்டினதுன்னு சொன்னார். நின்னு நிதானமா எதையும் அனுபவிக்கலையேன்னு வருத்தப்பட்டார். சூப்பர் பௌல்ல 215 யார்டு எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர், மூணு கோப்பை வாங்கினவர். அந்தப் பயத்தை எங்களுக்கும் ஊத்திக் கொடுக்கிறதுதான் பயிற்சியா? அப்புறம் 2015இல் கையுறையில ஸ்டிக்கம் என்ற பசையைத் தடவினதை டி.வி.யில அவரே சிரிச்சுக்கிட்டே சொன்னார். 1981லேயே தடை பண்ணினது அது. எல்லாரும்தான் பண்ணினாங்கன்னார், பழைய ஆட்டக்காரர் சிலர் நாங்க பண்ணலைன்னு எகிறினாங்க. இதனால அவர் சின்ன ஆளா ஆயிடலை. ஸ்லைடுல செங்கல்லுக்குப் பக்கத்துல பசை டப்பாவுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கன்னுதான் சொல்றேன்.

ஒரு திருத்தம். டாட்டன் தோத்துப்போன ஆளுன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க. அவர் பிறகு தன் கல்லூரிக்கே திரும்பிப் போய்த் தலைமைப் பயிற்சியாளரா இருந்தார். கல்லூரிக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம்ல 2005இல் அவர் பேரைச் சேர்த்தாங்க, ரைஸ் பேரு அடுத்த வருஷம்தான். இட்டா பேனாவுல அந்தக் கல்லூரி மைதானத்துக்கு என்ன பேரு தெரியுமா? ரைஸ்–டாட்டன் ஸ்டேடியம். அந்தச் சின்ன ஊர்க்காரங்களுக்கு கணக்கு தெரிஞ்சிருக்கு.

இதையெல்லாம் கொஞ்சம் மரியாதையா எழுதி, டாட்டனுக்கும் ஒரு ஸ்லைடு சேர்த்துக்குங்கன்னு பயிற்சி அண்ணாச்சிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி"ன்னு உடனே பதில் வந்துச்சு. போன வாரம் அடுத்த குழுவுக்கு வகுப்பு நடந்துச்சு, கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். படத்தை மாத்தியிருந்தார். செங்கல் போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிசா இருந்துச்சு.